அளவு சொல்லாத உடுப்பு

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவியின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சகோதரி அமர்ந்திருந்தார். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஓதிய பிள்ளை. மடியில் ஒரு பை, கண்கள் கலங்கியிருந்தன.

விடயம் இதுதான். அவருடைய கணவர் கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். ஊருக்கு வந்து போய் இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. பெருநாளைக்கென்று ஒரு ஹபாயாவை வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கைகளில் கல் வேலை செய்த, விலை கூடிய ஹபாயா. போட்டுப் பார்த்தால் தோள் கீழே இறங்குகிறது. கீழ் விளிம்பு நிலத்தில் இழுபடுகிறது. "சுடுதண்ணியில போட்டா சுருங்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவரும் அடுப்பில் பெரிய பானையை வைத்து, தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஹபாயாவை அதற்குள் அமுக்கி அரை மணி நேரம் வைத்திருக்கிறார்.

எடுத்துக் காயப் போட்டால் நீளம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஒட்டியிருந்த கல்லில் பாதி உதிர்ந்து பானையின் அடியில் கிடந்தது. துணியெங்கும் கசங்கல். அயன் பண்ணியும் போகவில்லை.

"ஹஸ்ரத், அவர் வெயிலுக்க நிண்டு உழைச்ச காசு. நான் பாழாக்கிப் போட்டன். போன்ல கேட்டாரு, அளவாத்தான் இரிக்கி எண்டு சொல்லிப் போட்டன். இப்ப நான் என்ன செய்ற?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குள் மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஒன்று துணி, மற்றது காசு, மூன்றாவது சொல். மூன்றையும் பற்றி இம்மாதம் பேசுவோம். ஏனெனில், இது அந்த ஒரு சகோதரியின் பிரச்சினை மட்டுமல்ல. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, கணவரோ வாப்பாவோ காக்காவோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகளின் அலுமாரியைத் திறந்தால், அளவு கூடியதால் உடுக்காமல் மடித்து வைத்த உடுப்பு ஒன்றாவது இருக்கும்.

உடுப்புச் சுருக்குவதைப் பற்றி எழுத மௌலவிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் பதில் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. தமது ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஊசியும் நூலும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள விடயங்கள் அல்ல. மேலும், அரபுக் கல்லூரி விடுதியில் எங்கள் உடுப்பை நாங்களேதான் கழுவினோம். ஆகவே கொஞ்சம் அனுபவமும் உண்டு. மீதியை வீட்டில் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

துணியின் இனத்தை அறிவோம்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாத் துணியும் சுடுநீரில் சுருங்காது. சுருங்குகின்ற துணியும் நாம் விரும்பும் இடத்தில் மட்டும் சுருங்காது.

பருத்தித் துணி ஏன் சுருங்குகிறது? தறியில் நெய்யும்போது நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். பின்னர் ஆலையில் வெளுத்து, சாயமிட்டு, உருளைகளில் ஓட்டும்போது துணி மேலும் இழுபடுகிறது. அந்த இழுவையோடுதான் அது கடைக்கு வருகிறது. தண்ணீரில் நனைந்ததும் பருத்தி இழை ஊறிப் பருக்கிறது, இழுவை தளர்கிறது, நூல் ஒடுங்குகிறது. சூடு இதை விரைவுபடுத்துகிறது. எனவேதான் முதலாவது கழுவலிலேயே பெரும்பகுதிச் சுருக்கம் நடந்து முடிந்து விடுகிறது.

இது நமது பகுதிக்குப் புதிய பாடம் அல்ல. மருதமுனைக் கைத்தறிச் சாரம் நம் எல்லோருக்கும் தெரியும். பாவுக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாகக் கட்டி நெய்த சாரம் வாங்கும்போது பலகை போல் நிற்கும். ஒரு நாள் ஊற வைத்து அலசினால் மெதுவாகி, கொஞ்சம் ஒடுங்கியும் விடும். இதனால்தான் நமது உம்மம்மாமார், புதுப் பருத்திப் புடவை வாங்கினால் முதலில் நனைத்துக் காய வைத்து, அதன் பிறகே வெட்டித் தைத்தார்கள். கெட்டிக்கார டெய்லர் இன்றும் அப்படித்தான் செய்வார்.

இந்தச் சுருக்கத்தை ஆலையிலேயே முடித்துவிடும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த சன்ஃபோர்ட் குளூயட் என்பவர் 1930ஆம் ஆண்டளவில் உருவாக்கிய முறை அது. துணியை ஈரமாக்கி, இயந்திரத்தில் முன்கூட்டியே ஒடுக்கி விடுவார்கள். அப்படிச் செய்த துணி அதன் பின் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்கூடச் சுருங்குவது அரிது. இன்று வரும் நல்ல பருத்திச் சேட்டுகள் பல இவ்வாறு முன்கூட்டியே ஒடுக்கப்பட்டவை. அவற்றை எத்தனை முறை சுடுநீரில் போட்டாலும் பெரிய பலன் கிடைக்காது.

அடுத்தது பொலியஸ்டர். இது எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் மூலப்பொருளில் செய்யும் நூல். தண்ணீரை இது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆலையில் 180 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் இதன் வடிவத்தை நிலைப்படுத்தி விடுகிறார்கள். நமது அடுப்பில் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே கொதிநீரால் இதைக் குறுக்க இயலாது. ஆனால் அந்தச் சூட்டில் துணி இளகும். இளகிய நிலையில் பானைக்குள் எப்படி மடிந்து கிடந்ததோ, ஆறும்போது அந்த மடிப்பு அப்படியே பதிந்து விடும். நமது சகோதரியின் ஹபாயாவுக்கு நடந்தது இதுதான். கடைகளில் 'நிதா' என்றும் 'கிரேப்' என்றும் விற்கும் ஹபாயாத் துணிகள் பெரும்பாலும் பொலியஸ்டர்தான்.

ரேயோன், விஸ்கோஸ் என்று சொல்லும் துணி மூன்றாவது இனம். இது மரக்கூழிலிருந்து வருவது. நன்றாகச் சுருங்கும், ஆனால் நனைந்திருக்கும்போது பலம் குறைந்துவிடும். சுடுநீரில் போட்டுப் பிழிந்தால் கோணிப் போகும், சில வேளை கிழிந்தும் போகும். கம்பளி நான்காவது இனம். குளிர்நாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பும் சுவெட்டர், சால்வை போன்றவை இதில் அடங்கும். கம்பளி நூலில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவி இறுகிவிடும். பெரியவரின் சுவெட்டர் குழந்தையின் சட்டை அளவுக்கு வந்துவிடும். பின்னர் அதை விரிக்கவே முடியாது. இழுபடும் ரப்பர்த்தன்மை கொண்ட நூல் கலந்த துணியோ கொதிநீரில் சுருங்குவதற்குப் பதிலாகத் தொய்ந்து போகும்.

இனத்தை அறிவது எப்படி? முதலில் கழுத்தின் உட்புறமோ பக்கத் தையலின் உட்புறமோ உள்ள சிறிய துண்டை வாசியுங்கள். அது இல்லையென்றால் உள் தையலில் நீண்டு நிற்கும் நூல் ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலால் பிடித்து, மண் நிரப்பிய ஒரு பழைய தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரிவது போல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது ரேயோன். முடி கருகுவது போல் மணத்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் போன்ற மணியானால் பொலியஸ்டர். இதைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். உருகிய மணியை உடனே தொடவும் வேண்டாம்.

பருத்தியைச் சுருக்கும் முறை

துணி பருத்திதான், புதியதுதான் என்று உறுதியானால் இவ்வாறு செய்யுங்கள்.

முதலில் தோள், மார்பு, நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். உட்புற மூலையொன்றை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் சுடுநீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் உடுப்பை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அகலமான அலுமினியச் சட்டியில் வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மேலே ஊற்றுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்க விட வேண்டாம். இருபது நிமிடம் மூடி வைத்து, தண்ணீர் ஆறிய பிறகே கையை வைத்து எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் அமுக்கித் தண்ணீரை இறக்குங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரம் உடுப்பை மீண்டும் நீட்டிவிடும். ஆகவே பாயில் பரப்பிக் காய வையுங்கள். காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். வேண்டுமானால் இன்னொரு முறை செய்யலாம். இரண்டு முறையிலும் சுருங்காதது மூன்றாம் முறையிலும் சுருங்கப் போவதில்லை.

இதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நெய்த பருத்தித் துணி நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே அது அதிகம். 40 அங்குல நீளத்தில் ஐந்து பங்கு என்றால் 2 அங்குலம். பெனியன் போல் பின்னிய துணி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். அளவு ஒன்று கூடிய சேட்டுக்கு இது போதும். மூன்று அளவு கூடியதற்குப் போதாது.

இன்னொரு எச்சரிக்கை. துணி பொதுவாக அகலத்தை விட நீளத்தில்தான் கூடுதலாக ஒடுங்கும். உங்கள் மகனின் சேட் அகலமாக இருக்கிறதென்று சுடுநீரில் போட்டால், அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறைந்து விடலாம். பிறகு அந்தப் பிள்ளை ருகூஉவுக்குக் குனியும்போது முதுகு தெரியும். அகலம் கூடிய உடுப்புக்கு மருந்து ஊசிதான், தண்ணீர் அல்ல.

ஊசியும் நூலும்

சிங்கர் கம்பனி 1877ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தது. அன்று முதல் எத்தனையோ வீடுகளில் தையல் மெசின் ஒரு விதவையின் சோறாக, ஒரு குமரின் சீதனச் சேமிப்பாக இருந்திருக்கிறது. இன்று பல வீடுகளில் அது துணி போட்டு மூடிக் கிடக்கிறது. அதைத் திறப்பதற்கு அளவு கூடிய உடுப்பு ஒரு நல்ல காரணம்.

ஹபாயாவைத் திருத்தும்போது கீழ் விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தோளைச் சரிசெய்யுங்கள். தோள் ஏறினால் நீளமும் கையும் தானாகவே ஓரளவு ஏறும். அதன் பின் நீங்கள் வழமையாகப் போடும் செருப்பைப் போட்டு நின்று, இன்னொருவரைக் கொண்டு விளிம்பில் குண்டூசி குத்துங்கள். உடனே வெட்டாதீர்கள். பெருந்தையல் போட்டு, ஒரு முறை நடந்து, குனிந்து, ஸுஜூது செய்து, இருப்பில் அமர்ந்து பாருங்கள். தொழுகையின் எல்லா நிலைகளிலும் உடல் மறைந்திருந்து, உடுப்பும் இழுபடாமல் இருந்தால் அதுவே உங்கள் அளவு. இடுப்பையும் மார்பையும் ஒட்டிப் பிடித்துத் தைக்க வேண்டாம். தளர்வு என்பது குறையல்ல. அதற்காகத்தானே இந்த உடை. தட்டுப்படுகின்ற மேலதிகத்தைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

வளரும் பெண் பிள்ளையின் உடுப்பென்றால் வெட்டவே வேண்டாம். உட்புறமாக மடித்துத் தையுங்கள். அடுத்த வருடம் ஒரு மடிப்பை அவிழ்த்தால் புது உடுப்பு கிடைத்தது போலாகும்.

நீளத்துக்கும் எல்லை உண்டு

"மௌலவி, பெண்ணுக்கு உடுப்பு நீளமாக இருப்பது நல்லதுதானே, ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பெண்கள் தமது ஆடையின் விளிம்பை என்ன செய்வது என்று உம்மு ஸலமா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். ஒரு சாண் இறக்கிக்கொள்ளலாம் என்று கூறப்பட்டது. அப்போதும் பாதம் தெரியுமே என்று அன்னையவர்கள் சொன்னபோது, ஒரு முழம் வரை அனுமதித்து, அதற்கு மேல் கூட்ட வேண்டாம் என்றும் நபியவர்கள் எல்லை வைத்தார்கள். திர்மிதியிலும் நஸாயீயிலும் இது உள்ளது. பாருங்கள், மறைப்பதற்காகக் கொடுத்த சலுகைக்குக்கூட ஓர் அளவு இருக்கிறது.

இன்று அந்த அளவுக்கு உயிர்ப் பெறுமதியும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபுறமாக அமர்ந்து போகும்போது, நீண்ட விளிம்பு சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஒரு நொடியில் ஆளைக் கீழே இழுத்துவிடும். இந்த ஆபத்துக்காகவே இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் இருப்பவரின் உடை சிக்காதவாறு பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. நம் வீட்டு மோட்டார் சைக்கிளில் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வண்டியில் ஏறியதும் விளிம்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் கேஸ் அடுப்புக்கு முன் அகன்ற கையுள்ள பொலியஸ்டர் உடுப்போடு நிற்காதீர்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும்; பொலியஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நாம் எப்படி மறப்போம்? அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மரணித்தார்கள். ஆண்களை விடப் பெண்களும் சிறுவர்களுமே அதில் அதிகம். கையில் குழந்தை, நீந்தத் தெரியாமை, மரத்திலோ மதிலிலோ ஏறிப் பழக்கமின்மை ஆகியவற்றோடு, காலைச் சுற்றிய நீண்ட உடையும் ஓட விடவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். மரணித்தோரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்து, ஷஹீத்களின் அந்தஸ்தை வழங்குவானாக! மறைக்கவும் வேண்டும், ஓட வேண்டிய நாளில் ஓடவும் முடிய வேண்டும். உடுப்பின் அளவு என்பது இதுதான்.

கொடுப்பவர் அளவு கேட்க வேண்டும்

அந்த நாட்களை நினைத்தால் உடுப்பைப் பற்றி இன்னொரு விடயமும் நினைவுக்கு வருகிறது. அலைக்குப் பின் அகதி முகாமான ஒரு பாடசாலையில் நாங்கள் சில இளைஞர்கள், வந்த உடுப்பு மூட்டைகளைப் பிரித்து அடுக்கினோம். உடுத்த உடுப்பும் கிழிந்து, யாரோ கொடுத்த ஒரு விரிப்பைப் போர்த்துக்கொண்டு வகுப்பறை மூலையில் பெண்கள் இருந்தார்கள். தொழுவதற்கு ஓர் உடுப்புத்தான் அவர்கள் கேட்டது. மூட்டையைப் பிரித்தால் பனிக்காலக் கோட்டுகளும், இரண்டு பேர் சேர்ந்து உடுக்கக்கூடிய காற்சட்டைகளும், கழுவாத பழந்துணிகளும் வந்தன. இது நமது ஊரில் மட்டும் நடந்ததல்ல. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்திலும் யாரும் எடுக்காத பழைய உடுப்புகள் வீதியோரங்களில் குவிந்து கிடந்தன. கொடுத்தவர்களின் நிய்யத் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் யாருக்கு, என்ன உடுப்பு, எந்த அளவு என்று கேட்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த முகாமில் வயதான ஒரு மாமி, எங்கிருந்தோ ஒரு கத்தரிக்கோலும் ஊசியும் தேடியெடுத்தார். பெரிய பாவாடைகளைப் பிரித்துத் தொழுகை முக்காடாக்கினார். பெரிய சட்டைகளைச் சிறு பிள்ளைகளின் உடுப்பாக்கினார். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் தைத்தார். நாங்கள் குப்பை என்று ஒதுக்கிய மூட்டையிலிருந்து அவர் எத்தனையோ பேரின் மானத்தை மறைத்தார்.

உஹதுப் போரில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் செல்வத்தில் வளர்ந்தவர். கபனிட ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்வையால் மூடி, பாதங்களை இத்கிர் புல்லால் மறைத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. துணி போதாத அந்த உத்தமர்களுக்குப் பின் வந்த நாம், துணி கூடிவிட்டது என்று அலுமாரிக்குள் பூட்டி வைக்கலாமா? செலவில் வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை அல்-குர்ஆன் புர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனத்தில் நல்லடியார்களின் பண்பாகச் சொல்கிறது. திருத்தி உடுங்கள், திருத்த முடியாவிட்டால் அளவானவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை நினைவில் வையுங்கள். நமக்குத் தந்தால் நாமே முகம் சுளித்து வாங்கும் பொருளைப் பிறருக்கு ஸதகாவாகத் தேட வேண்டாம் என்பது அதன் கருத்து. கழுவி, பொத்தான் தைத்து, அயன் பண்ணி, அளவை ஒரு சிறு கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

வாங்குபவர் அளவு சொல்ல வேண்டும்

இனி அந்தச் சகோதரியின் மூன்றாவது விடயத்துக்கு வருவோம். "அளவாத்தான் இரிக்கி" என்ற சொல்.

கணவன் மனைவிக்கிடையே அன்பைக் காப்பதற்காகச் சொல்லும் வார்த்தைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உம்மு குல்ஸூம் (ரழி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் ஹதீஸை வைத்து உலமாக்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். அந்தச் சகோதரியின் நோக்கம், வெயிலில் நிற்கும் கணவரின் மனம் நோகக் கூடாது என்பதுதான். ஆகவே அவரைக் கடிந்துகொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னேன். "மகள், நீங்கள் அளவென்று சொன்னால் அடுத்த பெருநாளைக்கும் அதே அளவில்தான் வாங்கி அனுப்புவார். அன்புக்காகச் சொன்ன சொல்லே அவருடைய உழைப்பை வருடா வருடம் அலுமாரிக்குள் போட்டு விடும். உடுப்பு பெரிது என்று சொல்வது அவரைக் குறை சொல்வதல்ல. முதலில் ஜஸாகல்லாஹு கைரன் சொல்லுங்கள். அதன் பின் அளவைச் சொல்லுங்கள்."

அவர் அங்கிருந்தபடியே என் மனைவியின் அறைக்குள் போய்க் கணவருக்கு அழைப்பெடுத்தார். என்ன பேசினார் என்பதைப் பிறகு அவரே சிரித்துக்கொண்டு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அளவு கேட்டபோது கணவர் தன் காதைத் தொட்டு, "இவ்வளவு உயரம்" என்றாராம். இவர் உண்மையில் அவருடைய தோள் வரைதான் வருவார். "ரெண்டு வருஷமாச்சுப் புள்ள, உயரம் மறந்து பெய்த்து" என்றாராம்.

அதைக் கேட்டபோது என்னால் சிரிக்க முடியவில்லை. நமது ஊர்களின் எத்தனை வீடுகளில் மனைவியின் உயரமும், பிள்ளையின் செருப்பு அளவும் இப்படி மறந்து போயிருக்கின்றன! பெரிதாகிப் போன உடுப்பைப் பார்த்துக் கோபிக்கும் சகோதரிகளே, அது கவனமின்மையால் பெரிதானதல்ல, தூரத்தால் பெரிதானது என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே ஒரு சிறிய வேலை செய்யுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு ஹபாயாவைத் தரையில் விரித்து, தோள் உச்சியிலிருந்து விளிம்பு வரை நீளம், தோளின் அகலம், மார்பின் அகலம், கையின் நீளம் நான்கையும் அளந்து எழுதுங்கள். வளைகுடா நாடுகளில் ஹபாயாவின் கழுத்தில் தைத்திருக்கும் 52, 54, 56, 58 என்ற இலக்கங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் அதன் நீளத்தைத்தான் குறிக்கும். உங்கள் இலக்கம் எதுவென்று அறிந்து வையுங்கள். பிள்ளைகளின் உயரத்தையும், ஒரு கடதாசியில் பாதத்தை வைத்து வரைந்த கோட்டையும் சேர்த்து, வட்ஸ்அப்பில் வாப்பாவுக்கு அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்து அனுப்புங்கள். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அவரும் அங்கிருந்து பார்த்து மகிழ்வார்.

அந்த ஹபாயா என்ன ஆனது என்று கேட்பீர்கள். என் மனைவி அதன் தோளை இரு பக்கமும் ஏற்றிப் பிடித்தார். கீழே மிஞ்சியதை வெட்டி, அந்தத் துண்டில் கல் உதிர்ந்த கைகளுக்குப் புதுக் கரை வைத்துத் தைத்தார். கசங்கலுக்கு, உட்புறத்தில் ஈரத்துணி விரித்து, அயனை இளஞ்சூட்டில் வைத்து மெதுவாக அழுத்தினார். எல்லாம் போகவில்லை; பெரும்பகுதி போய்விட்டது. "உடுக்கலாம், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அந்தப் பிள்ளை எடுத்துச் சென்றார்.

யா அல்லாஹ்! தூர தேசங்களில் எங்களுக்காக உழைப்பவர்களின் உடலுக்கும் ஈமானுக்கும் பாதுகாப்பளிப்பாயாக! அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு ரியாலிலும் பரகத் செய்வாயாக! நீ தந்த உடையைக் கொண்டு எங்கள் மானத்தை மறைத்து, தக்வா என்னும் ஆடையால் எங்களை அலங்கரிப்பாயாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.